பேராசிரியர் உங்கள் பஸ்ஸில் ஏறினால்

வெள்ளவத்தை,
புதன்கிழமை, ரியூசன் விட்டு வந்த கையோடு.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் பெருவயிற்றுக்கும் உரிய பிரியந்தன் மாமா அவர்களுக்கு,

மருமகள் மிதுனா எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லோரும் சுகம். எங்கள் தொடர்மாடி லிப்ட் மட்டும் சுகமில்லை. மூன்றாம் மாடிக்கு வந்ததும் நின்று யோசித்துவிட்டுத்தான் மேலே போகிறது. பேர்கனில் நீங்களும் மாமியும் சளி பிடிக்காமல் இருக்கவும், நீங்கள் ஓட்டுகிற பஸ் பனியில் சறுக்காமல் இருக்கவும் அம்மா பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறா. பிள்ளையாருக்கு நோர்வே எங்கே இருக்கிறது என்று தெரியுமோ தெரியாது, ஆனால் அம்மா விலாசத்தோடுதான் கும்பிடுகிறவ.

போன் இருக்கும்போது இவள் ஏன் முத்திரை ஒட்டுகிறாள் என்று யோசிப்பீர்கள். என் போன் இப்போது அம்மாவின் அலுமாரியில், பட்டுச் சேலைகளுக்கு நடுவில், என்னைவிட மரியாதையாக இருக்கிறது. ஏன் அங்கே போனது என்று கீழே வரும். அம்மாவின் போனில் உங்களோடு கதைத்தால் அம்மா பக்கத்திலேயே நிற்பா. ஆகவே இரசாயனவியல் கொப்பியில் ஒற்றை கிழித்து எழுதுகிறேன். பின்பக்கத்தில் தெரிவது அமிலம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மாரிட் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறா. நண்டு ஆராய்ச்சி. நீங்கள் அவவைப் பார்க்கப் போகக்கூடாது. போன் எடுக்கக்கூடாது. கேக் கொண்டு போகவே கூடாது. அவ தற்செயலாக உங்கள் பஸ்ஸில் ஏறினால் நீங்கள் ரிக்கற்றைப் பார்க்கலாம், பிறகு ரோட்டைப் பார்க்க வேண்டும். “நான் சுபோதினியின்ர மாமா” என்று தொடங்கக்கூடாது. மாமியின் தம்பிக்கு வேலை நேர்முகம் நடந்தபோது நீங்கள் அந்த மனேஜர் வீட்டு வாசலில் ரிச் கேக்கோடு போய் நின்றதையும், மனேஜர் கதவுக்குப் பின்னால் நின்று பொலிசுக்குப் போன் எடுத்ததையும் எங்கள் குடும்பம் மறக்கவில்லை. வந்த பொலிஸ்காரன் கேக் நல்லாயிருக்கு என்று சொன்னதை நீங்கள் இன்றுவரை ஒரு வெற்றியாகத்தான் சொல்லித் திரிகிறீர்கள். தம்பிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை, மாமா.

ஏன் இவ்வளவு தடை என்றால், இது சுபோதினி அக்காவின் சீவியம். அக்கா பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளர் என்று உங்களுக்குத் தெரியும். அதன் அர்த்தம் தெரியுமோ தெரியாது. வேலை கிடைத்துவிட்டது, ஆனால் இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் அர்த்தம். கொடுத்த தவணைக்குள் எங்காவது கலாநிதிப் படிப்புக்குச் சேர வேண்டும். சேர்வதற்கு ஒரு பேராசிரியர் “இந்தப் பிள்ளையை நான் எடுக்கிறேன்” என்று எழுதித் தரவேண்டும். அக்கா மின்னஞ்சல் போடாத நாடு இல்லை. பதில் எல்லாம் ஒரே மாதிரி வந்தது: பேராசிரியர் விடுமுறையில் இருக்கிறார். உலகத்திலுள்ள நண்டுப் பேராசிரியர்கள் எல்லோரும் ஒரே கடற்கரையில் விடுமுறையில் இருக்கிறார்கள் போல. இந்த மார்கழியோடு அக்காவின் தவணை முடிகிறது. அதற்குள் ஒருவரும் எடுக்காவிட்டால் அக்காவின் கதிரை வேறு ஆளுக்கு. இரவு முழுக்க அறையில் மற்றக் கட்டில் புரண்டு படுக்கிற சத்தம் எனக்குத்தான் கேட்கிறது, அம்மாவுக்கு இல்லை.

இந்த நேரத்தில் பீடத்தில் இளம் விரிவுரையாளர்களுக்கு ஒரு செயலமர்வு வைத்தார்கள். தலைப்பு, தொழில்சார் தொடர்பு வலையமைப்பு. கோட் போட்ட ஒருவர் வந்து, ஆராய்ச்சி பாதி, ஆட்கள் பாதி என்று சொல்லியிருக்கிறார். மாநாட்டில் தெரிந்தவர்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாதாம், தெரியாதவர்களோடு ஒட்ட வேண்டுமாம். அதற்குத்தான் பெயர் அட்டையாம். அட்டை என்றால் ஒட்டத்தானே வேண்டும் என்று நான் சொன்னேன், அக்கா சிரிக்கவில்லை. பெரிய ஆள் ஒருவரோடு லிப்டில் ஏற நேர்ந்தால், கதவு திறப்பதற்குள் நான் யார், என் ஆராய்ச்சி என்ன, உங்களிடம் எனக்கு என்ன வேண்டும் என்று முப்பது செக்கனில் சொல்லி முடிக்க வேண்டுமாம். அக்காவுக்கு அதைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. மாமா, உங்களுக்குத் தெரியும், அக்கா நண்டைப் படித்துப் படித்து நண்டாகவே ஆகிவிட்டா. முன்னால் பெரிய ஆள் ஒருவர் வந்தால் பக்கவாட்டில் நகர்வா. ஒரு தூண் கிடைத்தால் அதற்குப் பின்னால் போய்விடுவா. அடுத்த மாதமே கல்கிசையில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சர்வதேச மாநாடு, பல நாட்டு நண்டு ஆட்கள் வருகிறார்கள், நோர்வேயில் இருந்து அந்த மாரிட்டும் வருகிறா. “நான் என்னெண்டடி போய்க் கதைக்கிறது” என்று அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தா.

நான் தங்கை. சும்மா இருப்பேனா. லிப்ட் பேச்சு என்றால் லிப்டில்தான் பழக வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். நான் கறுப்புக் கண்ணாடி போட்ட பேராசிரியர், அக்கா அக்கா. வெளிநாட்டு லிப்டுக்கு முப்பது செக்கன் காணும். எங்கள் லிப்டில் கீழிருந்து ஏழாம் மாடிக்குப் போவதற்குள் ஒரு ஆய்வுக் கட்டுரையை மேற்கோள்களோடு வாசிக்கலாம், மூன்றாம் மாடியில் நிற்கிற நேரத்தில் கேள்வியும் கேட்கலாம். ஆனால் என்னைப் பார்த்தால் அக்காவுக்குச் சிரிப்பு வருகிறது. புதிய முகங்கள் வேண்டும். ஆகவே ஒரு நல்லெண்ணத்தில், லிப்ட் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினேன்: “இந்த லிப்டில் நண்டு ஆராய்ச்சியாளர் செல்வி சுபோதினி இராசரத்தினம் மாலை நேரங்களில் பயணிப்பார். அவரிடம் கேள்வி கேட்கவும். நோர்வேயில் இருந்து வருகிற பேராசிரியரைச் சந்திப்பதற்குப் பயிற்சி. வெட்கப்பட வேண்டாம், வெட்கப்படுவது அவருடைய வேலை.” கீழே நிர்வாகக் குழு என்று போட்டேன். அந்த ஒரு வரிக்காகத்தான் என் போன் பட்டுச் சேலைக்குள் போனது.

முதல் நாள் ஐந்தாம் மாடி சிவமணி அங்கிள் ஏறினார். “சொல்லும் பிள்ளை பாப்பம், நண்டு” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “நான் களப்பு நண்டுகளின்ர குடம்பிப் பருவத்தை ஆராயிறன் அங்கிள், தண்ணியின்ர உப்புத்தன்மை மாற மாற...” என்று தொடங்க, அங்கிள் “அதெல்லாம் சரி, இப்ப நல்ல சதையுள்ள நண்டு எங்க எடுக்கலாம்?” என்றார். அக்கா அதற்கும் பதில் சொன்னா. பௌர்ணமியை ஒட்டி வாங்க வேண்டாம், சதை குறைவாக இருக்கும் என்று ஆட்கள் சொல்வார்கள், ஆனால் அது எவ்வளவு உண்மை என்று இன்னும் படிக்க வேண்டும் என்றா. அங்கிளுக்குப் பிடித்துப்போய், தான் இறங்க வேண்டிய மாடியை விட்டு மேலே வந்து திரும்பவும் கீழே போனார்.

அடுத்தது நாலாம் மாடி கொன்ஸ்ரன்ஸ் அன்ரி. கொட்டாஞ்சேனையில் இருந்து போன வருசம்தான் இங்கே வந்தவ, தனிய இருக்கிறா.

“குடம்பி எண்டால் குஞ்சோ மகள்?”

“ஓம் அன்ரி, ஒரு மாதிரிக் குஞ்சுதான்.”

“தாய் பாக்குமோ?”

“இல்லை அன்ரி. பொரிச்ச உடன தாய் விட்டிட்டுப் போயிடும்.”

“எங்கட வீட்டில குஞ்செல்லோ விட்டிட்டுப் போனது” என்றா அன்ரி. அவவின் மகன் ஒஸ்லோவில். அக்கா அவவோடு நாலாம் மாடியில் இறங்கி, கதவடியில் நின்று நெடுநேரம் கதைத்துவிட்டுப் படியால் ஏறி வந்தா.

இப்படியே ஒரு கிழமை போனது. ஆட்கள் வேலையில்லாமல் ஏறி இறங்கத் தொடங்கினார்கள். அக்காவும் மெல்ல மெல்லக் கண்ணைத் திறந்து பேசப் பழகினா. ஒன்றே ஒன்றுதான் பிழை. லிப்ட் கதவு திறந்ததும், “உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாமா” என்று கேட்டு அட்டையைக் கொடுக்க வேண்டும். அக்காவின் வாய் அதற்குள் தன்பாட்டில் “வாங்கோவன் வீட்ட, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று சொல்லிவிடும். அவர்களும் “இன்னொரு நாளைக்குப் பிள்ளை” என்பார்கள். எங்கள் மாடியில் இந்த அழைப்புக்கு யாரும் வந்ததில்லை. வருவார்கள் என்று யாரும் எதிர்பார்த்ததுமில்லை. அதன் அர்த்தம் போயிட்டு வாங்கோ என்பதுதான். அம்மா இதைச் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துகிறதை நான் பார்த்திருக்கிறேன்.

மாநாடு வந்தது. முதல் நாள் அக்கா ஒரு தூணைக் கண்டுபிடித்தா. இரண்டாம் நாள் தூணோடு நட்பாகிவிட்டா. தேநீர் இடைவேளையில் இரண்டு றோல்ஸும் ஒரு பற்றிஸும் தின்றதைத் தவிர வேறு தொடர்பு எதுவும் ஏற்படவில்லை. கடைசி நாள், வீட்டுக்கு வருவோம் என்று ஹோட்டல் லிப்டில் ஏற, உள்ளே பேராசிரியர் மாரிட். வேறு ஆள் இல்லை. அக்கா சொல்கிறா, வாய் எங்கள் லிப்ட் என்று நினைத்துத் திறந்துவிட்டதாம். பெயர், குடம்பி, உப்புத்தன்மை, களப்பு, இரண்டு வருசமாகச் சேர்த்த தரவு எல்லாம் ஒரே மூச்சில் வந்திருக்கிறது. அந்த லிப்ட் மூன்றாம் மாடியில் நின்று யோசிக்கிற லிப்ட் இல்லை. கதவு திறந்துவிட்டது. அக்கா பையில் அட்டையைத் தேட, அட்டை அகப்படவில்லை, வாய்க்கு அகப்பட்டது மற்றது. “வீட்டுக்கு வாங்கோ, ஒரு தேநீர் குடிச்சிட்டுப் போகலாம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டா.

மாமா, நீங்கள் இருக்கிற நாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே வாங்கோ என்றால் வாங்கோதான். பேராசிரியர் அதிலேயே நின்று போனை எடுத்து நாள் பார்த்தாவாம். ஞாயிற்றுக்கிழமை பிளேன், சனிக்கிழமை பின்னேரம் ஓய்வு, நாலு மணி உங்களுக்குச் சரியா, விலாசம் என்ன என்று கேட்டாவாம். அக்கா விலாசத்தைச் சொல்லிவிட்டு, ரெயிலில் அழுதுகொண்டு வந்தா.

“என்னத்துக்குப் பிள்ளை அழுகிறாய், நல்லதுதானே” என்றா அம்மா.

“அம்மா, அவ உண்மையா வரப்போறா.”

“உண்மையாவோ?” அம்மாவும் கதிரையில் இருந்துவிட்டா.

அதற்குப் பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. அப்பா திரைச்சீலையைக் கழற்றித் தோய்க்கப் போட்டுவிட்டு, சனிக்கிழமைக்குள் காயாது என்று பிறகுதான் நினைத்தார். “நோர்வேக்காரர் வந்து எங்களோட கதைக்கிறது புதிசில்லை” என்று பெருமூச்சு விட்டார். “முந்தியும் சமாதானம் எண்டு வந்து கதைச்சவை. நல்ல ஆக்கள். தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போட்டினம்.” அம்மா நண்டுக் கறி வைக்கப் போகிறேன் என்று நின்றா. “நண்டு படிச்ச ஆளுக்கு நண்டு குடுக்காமல் வேற என்னத்தைக் குடுக்கிறது?” அக்கா, “பல் டொக்டர் வந்தால் பல்லையே அம்மா குடுப்பியள்?” என்று கேட்ட பிறகு கட்லற்றுக்கு இறங்கி வந்தா.

சனிக்கிழமை நாலு மணிக்கு, ஒரு நிமிசம் முந்தியும் இல்லை பிந்தியும் இல்லை, கீழே இருந்து காவற்கார அய்யே இன்ரர்கொம்மில் கூப்பிட்டார்: “சுது நோனா கெனெக் ஆவில்லா.” வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்திருக்கிறாவாம். குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. பேராசிரியர் கல்கிசையில் இருந்து ரெயிலில், கடலைப் பார்த்துக்கொண்டு வந்து, எங்கள் ஒழுங்கையால் நடந்து ஏறியிருக்கிறா. உயரமான ஆள், வெள்ளைத் தலைமயிர், வெயிலில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினா. “எங்கட ஆக்கள் மாதிரி” என்று அம்மா குசினிக்குள் நின்று அப்பாவுக்குச் சொன்னா. அப்பா முன்னால் வந்து இருந்து தன்னுடைய வலையமைப்பைத் தொடங்கினார். சகோதரம் எத்தனை பேர், சொந்த வீடோ, தாய் தகப்பன் இருக்கினமோ, எந்த ஊர் பூர்வீகம் என்று வரிசையாகக் கேட்டார். அக்கா தேத்தண்ணிக் கோப்பைக்குள் குதிக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தா. பேராசிரியரோ எல்லாவற்றுக்கும் ஆறுதலாகப் பதில் சொன்னா. தாய்க்குத் தொண்ணூறு வயது, தீவு ஒன்றில் தனிய இருக்கிறா என்றா. அப்பா “பாவம்” என்றார். அந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்க ஒருவருக்கும் தெரியவில்லை.

இனித்தான் நண்டு குடத்துக்குள் இருந்து வெளியே வருகிறது. மணி அடித்தது. திறந்தால் கொன்ஸ்ரன்ஸ் அன்ரி, கையில் பிளாஸ்ரிக் பையால் சுற்றிக் கயிறு கட்டிய பார்சல். “நோர்வேக்குப் போறவ வந்திருக்கிறாவாம் என்ன?” என்றா. என் அறிவித்தலில் நோர்வே என்று ஒரு சொல் இருந்தது, மாமா. அந்த ஒரு சொல் மாடி மாடியாக ஏறி, ஒழுங்கையால் இறங்கி, காலி வீதியைக் கடந்து போயிருக்கிறது. அன்ரிக்குப் பின்னால் சிவமணி அங்கிள், கடதாசியில் சுற்றிய முருங்கைக்காய்க் கட்டோடு. அதற்குப் பின்னால் எங்களுக்கு முகம் மட்டும் தெரிந்த ஆட்கள், முகமும் தெரியாத ஆட்கள், வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, தைத்து முடித்த ஒரு சேலைச் சட்டை. யாராவது வெளிநாட்டுக்குப் போகிறார்கள் என்றால் அவர்களிடம் பார்சல் கொடுத்துவிடுவது எங்கள் பிறப்புரிமை. போகிறவர் தமிழரா, சொந்தக்காரரா, சர்வதேச நண்டு நிபுணரா என்பது இரண்டாம் விசயம்.

பேராசிரியர் எழுந்து நின்றா. கண் கலங்கிவிட்டது. எல்லோரும் தனக்குப் பரிசு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டா. அவர்களுடைய நாட்டில் பரிசு தந்தால் தந்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பதுதான் மரியாதையாம். முதலில் நின்ற கொன்ஸ்ரன்ஸ் அன்ரியின் கையில் இருந்து பார்சலை வாங்கி, கயிற்றை அவிழ்த்து, டப்பாவைத் திறந்து, பேரப்பிள்ளைக்கென்று செய்த பயத்தம் உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டா. “மிகவும் நன்றாக இருக்கிறது” என்று அன்ரியின் கையைப் பிடித்துச் சொன்னா. அன்ரி தேவாலயத்தில் நிற்பது போல நின்றா. இரண்டாவது உருண்டையை எடுத்தபோது மட்டும் அன்ரியின் கண்கள் அந்த உருண்டையோடு சேர்ந்து மேலே போயின.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டா. அப்பா, “ஆளுக்கு ஒரு கிலோ எண்டால் கொண்டு போகலாம்தானே” என்று முணுமுணுத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். தூணைத் தேடுவா என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் தூண் இல்லை.

அக்கா எழுந்து வாசலுக்குப் போனா. “எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கோ” என்றா. அந்தக் குரலை நான் லிப்டில் கேட்டதில்லை, வீட்டிலும் கேட்டதில்லை.

“இவ என்ர விருந்தாளி. இவவிட்ட ஒருத்தரும் ஒண்டும் குடுக்கிறேல்லை. எயார்போட்டில உங்கட பெட்டியை ஆர் அடுக்கினது எண்டு கேப்பாங்கள், என்னத்தைச் சொல்லுறது? சிவமணி அங்கிள், முருங்கைக்காயை விடவே மாட்டாங்கள், அதைக் கொண்டுபோய்க் காய்ச்சுங்கோ. கொன்ஸ்ரன்ஸ் அன்ரி, உங்கட மகன் ஒஸ்லோ. இவ இருக்கிறது பேர்கன். இடையில ரெயில்ல ஏழு மணித்தியாலம். அங்கிள்ட மருமகன் கார்த்திகையில வந்திட்டு ஒஸ்லோவுக்குத்தானே திரும்பிப் போறார், அங்கிள், அன்ரியின்ரயை அவர் கொண்டு போவார் என்ன?”

“ஓம் ஓம், அவன் கொண்டு போவான்” என்றார் அங்கிள். அவர்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் இருந்தும் அன்றுவரை கதைத்ததில்லை.

“அண்ணை, நீங்கள் ஹெந்தளை எண்டனீங்கள் என்ன? இவ்வளவு தூரம் வந்திட்டியள், தண்ணி குடியுங்கோ. உங்கட தங்கச்சி பேர்கன்தான், ஆனால் அங்க என்ர மாமா இருக்கிறார், அவரின்ர வீட்டுக்கு மார்கழியில ஆக்கள் போகேக்க அனுப்பலாம். உங்கட நம்பரைத் தந்திட்டுப் போங்கோ. சட்டை தைச்ச அக்கா, அது கலியாணத்துக்கே? எப்ப கலியாணம்? அப்ப அது தபால்ல போகட்டும், பார்சலை எப்பிடிக் கட்டுறதெண்டு நான் சொல்லுறன்.”

இப்படி ஒவ்வொருவராக. யாருடைய மகன் எங்கே, யார் எப்போது போகிறார், யாருடையதை யார் கொண்டு போகலாம் என்று எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கோத்துக் கோத்து அனுப்பினா. ஒருவரும் முகம் கறுத்துப் போகவில்லை. கடைசி ஆள் போகும்போது அக்கா “வாங்கோவன் இன்னொரு நாளைக்கு, தேத்தண்ணி குடிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டா.

பேராசிரியர் பாதி உருண்டையோடு பார்த்துக்கொண்டே நின்றா. “அவர்களுக்கு நீ என்ன சொன்னாய்?” என்று கேட்டா. அக்கா எல்லாவற்றையும் சொன்னா, உருண்டை யாருடையது என்பது உட்பட. பேராசிரியர் உடனே டப்பாவை மூடி, அதைக் கொண்டு தானே நாலாம் மாடிக்கு இறங்கிப் போய், கொன்ஸ்ரன்ஸ் அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டா. அன்ரி அவவை உள்ளே கூப்பிட்டு இருத்தி, இன்னொரு டப்பாவை எடுத்து, “இது உமக்கு” என்றாவாம். திரும்பி வந்தபோது மூக்கு முன்னையதைவிடச் சிவந்திருந்தது.

“இத்தனை பேரையும் உனக்கு எப்படித் தெரியும்?”

“லிப்டில் சந்தித்தவர்கள்” என்றா அக்கா. பாதிப் பேர் மட்டில் பொய்யில்லை.

“மூன்று நாளாக ஹோட்டலில் எனக்கு ஆட்கள் அட்டை தந்தார்கள். பை நிறைய இருக்கிறது. எந்த அட்டை எந்த முகம் என்று தெரியாது” என்றா பேராசிரியர். பிறகு இங்குள்ள களப்பில் தங்களுடைய வேலை ஏன் இழுபடுகிறது என்று சொன்னா. நண்டு பிடிக்கிறவர்களும், வாங்குகிறவர்களும், கடற்றொழில் அலுவலகமும் ஒரு மேசையில் இருந்தால் ஆராய்ச்சி நடக்கும். இரண்டு வருசமாக ஒரு மேசையில் இருத்த முடியவில்லை என்றா. அக்கா குடம்பியைப் பற்றித் தொடங்கினா. அதற்குப் பிறகு இருவரும் பேசியது எனக்கு விளங்கவில்லை, ஆனால் அக்கா ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை. கட்லற் முடிந்தது. போகும்போது பேராசிரியர், “நான் இப்போது ஒன்றும் உறுதி சொல்ல முடியாது. குழு இருக்கிறது, நிதி இருக்கிறது. உன் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பு” என்றா. அப்பா வாசல்வரை போய், “மதருக்கு எங்கட வணக்கத்தைச் சொல்லுங்கோ” என்றார்.

அக்கா திங்கட்கிழமை அனுப்பிவிட்டா. இன்னும் பதில் இல்லை. சாப்பாட்டுக்கு இருக்கும்போதும் போன் மடியில். ஒவ்வொரு சத்தத்துக்கும் எடுத்துப் பார்க்கிறா, அது மீன்காரனின் வட்ஸ்அப் குழு. தானாக நின்று, தன் வாயால் கதைத்து, இவ்வளவு தூரம் கொண்டுவந்த விசயம் இது, மாமா. இதற்குள் நீங்கள் கேக்கோடு போய் நின்றால், யாரோ சொல்லித்தான் கிடைத்தது என்று ஆகிவிடும். அல்லது யாரோ சொல்லித்தான் கிடைக்காமல் போனது என்று ஆகிவிடும். இரண்டும் அக்காவுக்குத் தாங்காது. அம்மா உங்களுக்குப் போன் எடுத்துச் சொல்ல மூன்று தரம் வெளிக்கிட்டவ. நான் மூன்று தரமும் சார்ஜரை ஒளித்து வைத்தேன். ஆகவே தயவுசெய்து, பஸ், ரிக்கற், ரோட்.

மாமிக்கு என் அன்பு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போங்கோ. மூடினால் ஊர்க்கதை கேட்காது, அதுவும் நல்லது. நீங்கள் நோய்நொடி இல்லாமல், சீற்றுக்கும் ஸ்ரியரிங்குக்கும் இடையில் தாராளமாக இடம் உள்ள உடம்போடு நெடுங்காலம் வாழ எல்லாத் தெய்வங்களையும், கொன்ஸ்ரன்ஸ் அன்ரி சார்பில் அந்தோனியாரையும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள (உறவினர் மத்தியில் இதை உறுதிசெய்ய ஆள் இல்லை) மருமகள்
மிதுனா

பி.கு.: வியாழக்கிழமை. தபால் கந்தோருக்குப் போக வெளிக்கிடும்போது பதில் வந்துவிட்டது. பேராசிரியர் அக்காவை எடுத்துக்கொள்கிறா. நிதியும் இருக்கிறது. அக்கா குசினியில் நின்று வாசித்தா, பிறகு இருந்து வாசித்தா, பிறகு என்னைக் கொண்டு வாசிப்பித்தா. அப்பா லிப்டில் ஏறி ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திச் சொல்லிக்கொண்டு போகிறார். தை மாதக் கடைசியில் வரவேண்டுமாம்.

தை மாதம் என்றால் கிட்டத்தான், மாமா. எனக்கு வாற ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை. இரசாயனவியலை அக்காவைத் தவிர வேறு ஆள் சொன்னால் எனக்கு ஏறாது. அம்மா பரணில் இருந்து சூட்கேஸை இறக்கித் தூசி தட்டிவிட்டா. அது இப்போதே எங்கள் அறையில் அக்காவின் கட்டிலில் ஏறிப் படுத்திருக்கிறது. ஆகவே மேலே எழுதியதெல்லாவற்றையும் விட்டுவிடுங்கோ. நீங்கள் ஒருக்கா அந்தப் பேராசிரியரைப் போய்ப் பாருங்கோ. கேக் பெரிசாக் கொண்டு போங்கோ. பொலிஸ் வந்தாலும் நில்லுங்கோ. படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிடாதேங்கோ, அது மட்டும் வேண்டாம். அக்கா ஓகஸ்ட் முடிய வரலாமோ எண்டு கேளுங்கோ. ஆர் கேக்கச் சொன்னது எண்டு மட்டும் அக்காவுக்குச் சொல்லாதேங்கோ.